260 கிராமில் 11 கிராம்

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு மதியம். டேங்கின் மேல் போர்த்தியிருந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தோம். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர், முந்தின நாள் மதியம் மார்க்கரால் போட்ட கோட்டிலேயே நின்றது. 24 மணி நேரம். அப்போதும் 19 டிகிரி, இப்போதும் 19 டிகிரி. அண்ணன் ஒன்றும் பேசாமல் கோட்டின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை தேய்த்தார், கோடு தானா அல்லது கண் ஏமாற்றுகிறதா என்று பார்ப்பவர் போல. கோடுதான்.

எங்கள் சின்ன விமானத்தின் பெட்ரோல் டேங்கில் ஒரு கசிவை அடைப்பது, ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்த வேலை. அதைத் தொடங்கிய இடத்திலிருந்தே வரிசையாக எழுதிவிடுகிறேன். இதில் ஐந்து வார இறுதிகளை, டேங்கின் தவறான அறைக்குள் கை விட்டுப் பழைய அடைப்புப் பசையைச் சுரண்டியே கழித்திருக்கிறேன். அதே வேலையில் இறங்கப்போகிறவருக்கு அந்த ஐந்து வார இறுதிகளாவது மிஞ்சட்டும்.

விமானம் ஒரு ஆர்வி-6. வீட்டில் கட்டும் வகை, இரண்டு பேர் உட்காரலாம். 1990களில் இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே ஒருவர் கட்டியது. நானும் அண்ணனும் (கூடப் பிறந்தவர் இல்லை, அப்படிக் கூப்பிடுகிறேன்) பாதிப் பாதியாக வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே பிரக்பன்-பெனோனி விமானத் தளத்தில் நிற்கிறது. அண்ணன் பெனோனியின் ஆக்டன்வில்லில் வளர்ந்தவர், நாற்பது வருஷம் டூல் மேக்கர். அவருடைய தமிழ் பாட்டியிடம் கற்ற தமிழ், என்னுடையது திருச்சியிலிருந்து கொண்டு வந்தது. இரண்டும் கராஜில் நன்றாகவே ஒத்துப்போகும்.

ஆர்வி-6இல் பெட்ரோல், இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே இருக்கும். பக்கத்துக்கு 19 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 72 லிட்டர். உள்ளே தனியாக ரப்பர் பை எதுவும் கிடையாது. அலுமினியத் தகட்டை வளைத்து, உள்ளே டேங்கை அறை அறையாகப் பிரிக்கும் குறுக்குத் தகடுகளை, அதாவது ரிப்களை, ரிவெட் அடித்து, பின்பக்கம் பேஃபிள் என்ற தகட்டால் மூடி, ஒவ்வொரு மூட்டிலும் ஒவ்வொரு ரிவெட்டிலும் பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பராக இறுகும் அடைப்புப் பசை) பூசியிருப்பார்கள். அந்தச் சீலன்ட்தான் டேங்க். அது ஒரு இடத்தில் விட்டால் பெட்ரோல் வெளியே வரும்.

எங்களுக்கு வந்தது இடது பக்கம். இறக்கையின் அடியில், நாலாவது ரிப் வரிசையில், உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. அவ்காஸில் (விமானப் பெட்ரோலுக்கு அதுதான் பெயர்) நீலச் சாயம் கலந்திருப்பதால் பெட்ரோல் ஆவியானாலும் சாயம் தங்கிவிடும். சொட்டவில்லை, கசிந்தது. வெளியிலிருந்து ரிவெட் தலைமேல் எதையாவது தடவி அடைக்கலாம் என்று தளத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். டேங்கைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, முந்தைய சொந்தக்காரர் அதையும் செய்து பார்த்திருக்கிறார். நிற்கவில்லை.

கழற்றுவது ஒரு முழுச் சனிக்கிழமை. முதலில் 41 லிட்டரை வடித்தோம், கேனுக்கும் டேங்குக்கும் இடையே ஒயர் இணைத்துவிட்டுத்தான். அப்புறம் ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முக்கியச் சட்டம்) ஓரத்து ஸ்க்ரூக்கள். பெயின்ட் அடைத்த தலைகள்; ஒவ்வொன்றையும் ஊசியால் குடைந்து சுத்தம் செய்தால்தான் ஸ்க்ரூடிரைவர் உட்காரும். அவசரப்பட்ட ஆறு இடத்தில் தலை சிதைந்தது, துளைபோட்டு எடுத்தோம். பின்னால் இருக்கும் போல்ட்டுகளுக்குக் கை நுழையும் இடம் மிகக் குறைவு. மாலையில் டேங்கைப் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) மெத்தை விரித்து வைத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மூடியையும் வடிகாலையும் திறந்துவிட்டு, கராஜ் கதவை முழுக்கத் திறந்து இரண்டு நாள் ஆற விட்டோம். அந்த இரண்டு நாளும் பக்கத்தில் சுவிட்ச் போடவில்லை, வெளிச்சத்துக்குப் பேட்டரி விளக்குதான். அவ்காஸில் ஈயமும் உண்டு. கையுறையைக் கழற்றியதும் கை கழுவாமல் டீக் கப்பைத் தொடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

கசிவைக் கண்டுபிடிக்கக் காற்றழுத்தம் வேண்டும், ஆனால் மிகக் குறைவாக. கம்ப்ரஸரை நேராகக் கொடுத்தால் தகடு உப்பிவிடும். 1 பிஎஸ்ஐ என்பது 70 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம்தான். ஒரு மீட்டர் உயரப் பலகையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் அடித்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்கின் காற்றுக் குழாயோடு சேர்த்தோம். இன்னொரு இணைப்பில் சைக்கிள் பம்ப். 50 சென்டிமீட்டர் வரை ஏற்றி மூடினோம். செலவு 90 ராண்ட். இதைவிட நம்பகமான கருவியை நான் இந்த வேலையில் பார்க்கவில்லை.

முதல் தடவை சாயங்காலம் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் தண்ணீர் 45 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. டேங்க் முழுக்க ஓட்டை என்றே நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டபோது விஷயம் புரிந்தது. பெனோனி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். இங்கே வெளிக் காற்றழுத்தம் ஏறத்தாழ 84 கிலோபாஸ்கல். அடைத்து வைத்த காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குக் குறையும். மாலையில் 17 டிகிரி, விடிகாலையில் 3 டிகிரி. இறங்கியதில் பெரும்பகுதி குளிர் செய்த வேலை. அதற்குப் பிறகு மதியத்தில் மட்டும் சோதித்தோம்: டேங்கைக் கம்பளியால் மூடி, தெர்மாமீட்டரைத் தகட்டோடு ஒட்டி, ஆரம்பத்தில் இருந்த அதே வெப்பநிலை திரும்ப வரும்போது மட்டும் கோட்டைப் பார்ப்பது. அப்படிப் பார்த்தபோது உண்மையான கசிவு இரண்டு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர்.

சோப்புத் தண்ணீர் தடவினோம். நாலாவது ரிப் வரிசையில் ஒரே ஒரு ரிவெட்டில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக. சரி, இடம் கிடைத்தது என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். அங்கேதான் தப்பு தொடங்கியது.

உள்ளே போகப் பேஃபிளில் வழி வெட்ட வேண்டும். அந்த ரிவெட் இருக்கும் அறைக்கு நேரே 115 மில்லிமீட்டர் வட்டம். துளை ரம்பத்தின் பல்லில் கிரீஸ் தடவி, டேங்கைக் கவிழ்த்து வைத்து மெதுவாக வெட்டினால் தூள் பெரும்பாலும் கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும். 115 என் கைக்குச் சரி. அண்ணன் கைக்கு அது போதவில்லை. எனவே சுரண்டுவது நான், கருவி செய்து கொடுப்பது அவர்.

உள்ளே கை விட்டுத் தடவியபோது ஓரமெல்லாம் தடித்த கறுப்பு ரப்பர். கல் மாதிரி இல்லை, கெட்டியான அழிப்பான் மாதிரி. நகத்தால் அழுத்தினால் குழியும், விட்டால் திரும்பும். அதன்மேல் முந்தைய சொந்தக்காரர் ஊற்றிக் குலுக்கிய திரவப் பூச்சு ஒன்று, பாலாடை மாதிரி சுருங்கி இரண்டு இடத்தில் உரிந்து தொங்கியது. அந்த ஆடை உரிந்து போய்ப் பெட்ரோல் எடுக்கும் குழாயை அடைத்தால் என்ஜின் நின்றுவிடும். கசிவை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடை, எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த துணியை அரை மணி வைத்தால் குழைந்து வந்துவிட்டது. சீலன்ட் வரவில்லை. வராதுதான். காலமெல்லாம் பெட்ரோலில் ஊறியும் கரையாதிருக்கவென்றே செய்த பொருள் அது. எம்இகேயில் இரவு முழுக்க ஊற வைத்தும் மேல் அரை மில்லிமீட்டர் கொஞ்சம் வீங்கியது, அவ்வளவே. அதற்குள் என் நீல நைட்ரைல் கையுறை பத்து நிமிஷத்தில் உப்பிக் கிழிந்தது. எம்இகேக்கு நைட்ரைல் ஆகாது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். அந்தக் கையுறை 420 ராண்ட். முகமூடிக்குக் கரிம ஆவி வடிகட்டி ஒரு ஜோடி 560. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. எம்இகே ஆவி காற்றை விடக் கனம், டேங்கின் அடியிலேயே தேங்கி நிற்கும். சுழியத்துக்குக் கீழே இருக்கும் குளிரிலும் தீப்பிடிக்கும். அந்தக் கட்டத்தில் கராஜில் ஹீட்டர் கிடையாது. ஜூன் மாதக் காலையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு வேலை செய்தேன்.

அப்புறம் உலர் பனி. குளிரில் ரப்பர் விறைத்தால் தட்டி உடைத்துவிடலாம் என்பது என் யோசனை. 250 ராண்டுக்கு மூன்று கிலோ வாங்கி வந்தேன். இந்தச் சீலன்ட் மைனஸ் 54 டிகிரி வரை வளைந்து கொடுக்கும்படி தயாரிக்கப்படுவது. உலர் பனி மைனஸ் 78. கணக்கில் சரியாக இருந்தது. ஆனால் அலுமினியம் சுற்றியிருக்கும் சூட்டை உடனே இழுத்து வந்துவிடுகிறது. பனியை எடுத்துவிட்டுக் கையைக் கொண்டுபோவதற்குள் ரப்பர் பழையபடி ஆகிவிடும். ஒரு துண்டு கூட வரவில்லை. 250 ராண்ட் போனது.

பொறுமையிழந்து ஒரு மாலையில் இரும்புப் புட்டிக் கத்தியை எடுத்தேன். நன்றாகவே வெட்டியது. நாலாவது இழுப்பில் முனை சறுக்கி, தகட்டில் 35 மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளிக் கீறல். இந்தத் தகட்டின் கனம் 0.8 மில்லிமீட்டர். அதன் இரு முகத்திலும் துருப்பிடிக்காமலிருக்கத் தூய அலுமினியம் ஒரு படலமாக இருக்கிறது, ஒவ்வொன்றும் மொத்தக் கனத்தில் 5 சதவீதம், அதாவது 0.04 மில்லிமீட்டர். தலைமுடியை விட மெல்லியது. அதைத் தாண்டிக் கீறினால் அரிப்புக்கும் வெடிப்புக்கும் வழி. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். “தம்பி, இரும்பு வேண்டாம். நான் வேற செஞ்சு தாரேன்,” என்றார். கத்தியை வாங்கி அவருடைய மேல் அலமாரியில் வைத்துவிட்டார். கீறலை 400, பிறகு 600 நம்பர் காகிதத்தால் அதன் நீளவாக்கில் மெல்லத் தேய்த்து ஓரங்களைச் சமன் செய்தோம். எங்கள் விமானத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் அங்கீகாரம் பெற்றவர் பிறகு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, பரவாயில்லை என்றார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு மூச்சு வரவில்லை.

அண்ணன் முதலில் செய்து தந்தது பெர்ஸ்பெக்ஸ், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக். பெயர்ப் பலகைக் கடையில் மிஞ்சிய 6 மில்லிமீட்டர் துண்டுகள், ஒரு பை 60 ராண்ட். 25 மில்லிமீட்டர் அகலம், 150 நீளம், முனையை ஒரு பக்கம் மட்டும் 45 டிகிரிக்கு இழைத்தது. உலர்ந்த ரப்பரில் அருமையாக ஓடியது. எம்இகேயில் நனைந்த இடத்தில் வைத்ததும் ஐந்து நிமிஷத்தில் முனை பிசுபிசுத்து மழுங்கியது. பெர்ஸ்பெக்ஸை எம்இகே கரைக்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கையில் வழவழப்பு பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுப் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து பழுப்பு நிறப் பட்டை ஒன்றை எடுத்தார். டஃப்னால். துணியையும் பிசினையும் அடுக்கி அழுத்திச் செய்தது. அவர் வேலை பார்த்த காலத்தில் கியர் வெட்டிய மிச்சம், முப்பது வருஷமாகப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. எம்இகே அதை ஒன்றும் செய்யவில்லை. அலுமினியத்தையும் அது கீறவில்லை. பழைய தகட்டுத் துண்டில் முதலில் தேய்த்து, லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனோம்.

மூன்று வடிவம் செய்தார். ஒன்று நேரான உளி, 20 மில்லிமீட்டர் அகலம், முனை 30 டிகிரி. இன்னொன்று முனை வளைந்த கொக்கி, ரிப் விளிம்புக்கு அடியில் நுழைய. மூன்றாவது சின்னக் கரண்டி மாதிரி, 8 மில்லிமீட்டர், ரிவெட் தலையைச் சுற்றி வர. எல்லாவற்றுக்கும் மூங்கில் கைப்பிடி. ரகசியம் முனையைத் தீட்டுவதில் இருக்கிறது. ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் 240 நம்பர் காகிதத்தில் நான்கு இழுப்பு. மழுங்கிய முனை ரப்பரைத் தள்ளும், கூர்மையானது அடியில் நுழைந்து சுருளாக எடுத்து வரும். முதல் நாள் மணிக்கு 6 கிராம் எடுத்தேன். தீட்டப் பழகிய பிறகு 15.

தினமும் எடுத்ததை அண்ணியின் சமையல் தராசில் நிறுத்தேன் (தராசை அவருக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டோம்). ஐந்து வார இறுதிகள், அந்த ஒரு அறையில் மட்டும் 249 கிராம். தகடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. போனில் இணைத்த 650 ராண்ட் போர்ஸ்கோப் கேமராவில் (துளைக்குள் நுழைக்கும் ஒல்லிக் கேமரா) படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

ஒன்றை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அந்த 249 கிராமில் ஏறக்குறைய எல்லாமே சண்டை போட்டுத்தான் வந்தது. கிழித்தால் ரப்பர் நடுவில் அறுந்து, தகட்டில் கறுப்பாகக் கொஞ்சம் தங்கியது. அப்படி வந்தால் அது தகட்டை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் பிடித்திருந்த நல்ல சீலன்ட்டை நான் வாரக்கணக்கில் மெனக்கெட்டு நாசம் செய்துகொண்டிருந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு, புதுச் சீலன்ட் பூசினோம். வெள்ளைப் பசை பத்துப் பங்கு, கறுப்பு ஒரு பங்கு, எடைக்கணக்கில். 30 கிராம் வெள்ளைக்கு 3 கிராம் கறுப்பு என்று சின்னச் சின்னதாகக் கலந்தோம். கோடு எதுவும் தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் ஆகும்வரை கிளற வேண்டும். மறுநாள் திங்கள்கிழமை ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது. 2012க்குப் பிறகு முதல் தடவை. பிள்ளைகள் எல்லாம் தெருவில் குதித்தார்கள், நான் கராஜில் பசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீலன்ட் இறுகச் சூடும் வேண்டும், காற்றில் ஈரமும் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 25 டிகிரிக்கும் பாதி ஈரப்பதத்துக்கும் உரியது. ஹைவெல்ட் என்ற இந்த மேட்டு நிலத்தின் குளிர்காலத்தில் இரண்டும் கிடையாது. ஐந்தாம் நாளும் விரலில் ஒட்டியது. 13 நாள் ஆயிற்று.

ஜூலை 23 அன்று மறைப்புத் தகட்டைத் தற்காலிகமாக மாட்டி அழுத்தம் ஏற்றினோம். இரண்டு மணி நேரம். 4 சென்டிமீட்டர்.

அதே ரிவெட். அதே கடுகுக் குமிழி.

அன்றைக்கு ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. இடையில் லோட் ஷெட்டிங்கில் கரண்டும் போனது. டார்ச் வெளிச்சத்தில் அண்ணன்தான் கேட்டார்: “தம்பி, தண்ணி கூரையில ஒழுகினா, ஓட்டை நேர் மேலயா இருக்கும்?” இருக்காது. ஓட்டின் அடியில் ஓடி, சட்டத்தைப் பிடித்து நடந்து, எங்கேயோ வந்து சொட்டும். பெட்ரோலும் அப்படித்தான். ரிப்பின் விளிம்பு தகட்டோடு ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கம் உண்டு. நான் ஒரு பக்கத்தைத்தான் திறந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம் அடுத்த அறையில் இருக்கிறது.

ஆக, தலைகீழாகச் செய்தோம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். வெளியே குமிழி வந்த ரிவெட் மேல் ரப்பர் முனை வைத்த சின்னக் காற்றுக் குழாயை அழுத்திப் பிடித்து, சைக்கிள் பம்பால் வெளியிலிருந்து உள்ளே காற்றைச் செலுத்தினோம். உள்ளே, ரிப்பில் பெட்ரோல் ஓட விட்டிருக்கும் துளை வழியாக நீளக் காம்புத் தூரிகையை அடுத்த அறைக்குள் நுழைத்துச் சோப்பு நுரை தடவினேன். போர்ஸ்கோப்பையும் அதே துளையில் விட்டோம். அண்ணன் பம்ப் அடித்தார். மூன்றாவது அடியில் திரையின் ஓரத்தில் நுரை ஒரு கண் மாதிரி விரிந்து மூடியது. ரிவெட்டிலிருந்து 26 சென்டிமீட்டர் தள்ளி, ஐந்தாவது அறையின் அடிமூலையில்.

ஆகஸ்ட் 5 அன்று அங்கே இன்னொரு 115 வட்டம். கொக்கி வடிவ டஃப்னாலை விளிம்பின் அடியில் நுழைத்தேன். எதிர்ப்பே இல்லை. 9 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சீலன்ட் வாழைப்பழத் தோல் மாதிரி ஒரே பட்டையாக உரிந்து வந்தது. அடியில் தகடு சுத்தமாக, கறுப்பே இல்லாமல் மின்னியது. இதுதான் பிடிக்காத சீலன்ட்டின் அடையாளம். பட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வழவழப்பான அந்த அடிப்பக்கத்தில் ஒரு விரல் ரேகை, சுழி சுழியாக, முழுசாக. யாரோ துடைத்து முடித்த தகட்டை எண்ணெய்க் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு மேலே பூசியிருக்கிறார். அந்த விரலைத் தாண்டித்தான் முப்பது வருஷம் கழித்துப் பெட்ரோல் வழி கண்டுபிடித்திருக்கிறது. அந்தப் பட்டை 11 கிராம். ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை அதற்கு மேல் சுரண்டவில்லை. உரியும் இடம் முடிந்து, ரப்பர் தகட்டைப் பிடிக்கத் தொடங்கும் இடம் இருபக்கமும் எங்கே என்று கொக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். பிடித்த இடத்தில் நிறுத்தி, அந்த முனையைச் சரிவாகச் சீவினேன், புதுப் பசை பழையதன் மேல் 15 மில்லிமீட்டராவது ஏறி உட்கார. பாலிசல்ஃபைடைக் கரைக்கவென்றே விற்கும் திரவங்கள் உண்டு. டேங்க் முழுவதையும் உரித்துப் புதிதாகப் பூசுபவர்களுக்கு அவை சரி. ஒரு மூலைக்கு மட்டும் ஊற்றினால், மூட்டுகளுக்குள் ஊர்ந்து நல்லதையும் அவிழ்த்துவிடும். அதனால் தொடவில்லை.

சுத்தம் செய்வதில் இப்போது வேறு மாதிரி கவனம். ஸ்காட்ச்-பிரைட்டால் தகட்டையும் பழைய ரப்பர் முனையையும் மங்கத் தேய்த்து, எம்இகே நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாக உலர விட்டால் கரைந்த எண்ணெய் திரும்ப அங்கேயே படிந்துவிடும். துணிக்கு என் பழைய பருத்தி வேட்டி. வாசனைத் திரவம் எதுவும் போடாமல் வெந்நீரில் மட்டும் துவைத்து, 20 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டியது. பன்னிரண்டாவது துண்டு வெள்ளையாகவே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கையுறையை மாற்றாமல் உள்ளே விரல் வைக்கவில்லை.

பூசியது ஆகஸ்ட் 6. ஆடி மாதம், அன்று கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ். அண்ணி தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கை கழுவினால்தான் தருவேன் என்று வாசலிலேயே நின்றார்.

இறுகுவதற்கு இந்தத் தடவை ஏற்பாடு வேறு. எம்இகே வாசனை முழுக்கப் போக ஒரு நாள் விட்டு, டேங்கைச் சுற்றி இங்கே எல்லார் வீட்டுக் கட்டிலிலும் இருக்கும் மின் கம்பளம், அதன்மேல் சாதாரணக் கம்பளி. பக்கத்தில் ஒரு தட்டில் ஈரத் துண்டு. உள்ளே 27 டிகிரி. கரண்டு போகும் நேரமெல்லாம் வெந்நீர்ப் பைகள். கலந்த பசையில் கொஞ்சத்தை ஒரு டப்பா மூடியில் தடவி அதே கம்பளிக்குள் வைத்திருந்தோம். டேங்கைத் தொடாமல் அதை நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். நாலாவது நாள் நகம் பதியவில்லை.

மூடும் தகடுகள் 155 மில்லிமீட்டர் வட்டம், பேஃபிளின் அதே கனம், சீலன்ட் தடவி, மூடிய முனையுள்ள பாப் ரிவெட் சுற்றிலும் 20. மூடுவதற்கு முன் டேங்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தட்டி, ஐந்து லிட்டர் அவ்காஸை ஊற்றிக் குலுக்கி, பெயின்ட் வடிகட்டும் வலையில் வடித்தோம். மூன்று தடவை. முதல் தடவையில் வலை முழுக்கக் கறுப்பு மணிகள். சாதாரண வேக்குவம் கிளீனரை அருகே கொண்டுவரவில்லை, அதன் மோட்டாரில் பொறி பறக்கும்.

செலவு: சீலன்ட் 2,900, எம்இகே ஐந்து லிட்டர் 780, தகடும் ரிவெட்டும் 650, மேலே சொன்ன கையுறை, வடிகட்டி, போர்ஸ்கோப், பெர்ஸ்பெக்ஸ், உலர் பனி, குழாய் எல்லாம் சேர்த்து 6,360 ராண்ட். நேரம் 83 மணி, அதில் சுரண்டியது மட்டும் இருபதுக்கு மேல்.

அடுத்த தடவை (வலது டேங்கும் அதே கையால் கட்டியதுதான்) முதலில் வடிகால் வாய் வழியாகவே போர்ஸ்கோப்பை விட்டு, வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்தி, நுரை எங்கே கண் திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொடுவேன். டஃப்னால் கொக்கியால் முதலில் இழுத்துப் பார்ப்பேன். சண்டை போடும் சீலன்ட்டை அப்படியே விட்டுவிடுவேன். ஜூன், ஜூலையில் ஆரம்பிக்க மாட்டேன். அக்டோபரில் மழை தொடங்கியதும் சூடும் ஈரமும் இலவசம்.

டேங்க் மாட்டியது ஆகஸ்ட் 26. முதலில் 20 லிட்டர், இறக்கையின் அடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி ஒரு வாரம். பிறகு நிறைய ஊற்றி இன்னொரு வாரம். காகிதத்தில் நீலம் இல்லை. லாக் புத்தகத்தில் கையெழுத்து விழுந்தபின் தளத்துக்கு மேலேயே வட்டமடித்து மூன்று தடவை பறந்தோம், ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினோம். முதல் பறத்தலுக்குப் பின் வலையில் இரண்டு கறுப்பு மணிகள், மிளகில் பாதி அளவு. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் அண்ணன் வலையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஒன்றும் இல்லை.